செப்புத் தகட்டு முகங்கள்: 1760–1820 காலத்து அச்சுருவப் படங்களை இனம் காணும் முறை

வட்டச் சட்டகத்துக்குள் பக்கவாட்டில் ஒரு முகம். அதன் கீழே பொடி எழுத்தில் இரண்டு பெயர்கள், ஒரு ஆண்டு. பழைய அச்சுப் படங்களைப் பார்க்கத் தொடங்கும் எவரும் முதலில் அந்தப் பெயர்களைத்தான் படிப்பார்கள். இந்த வழிகாட்டி அதைக் கடைசிக்குத் தள்ளச் சொல்கிறது. தகட்டின் அடியில் இருக்கும் எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு வேறு எழுத்து வெட்டலாம். பட்டறையில் மாணவர் செய்த வேலைக்கு ஆசான் பெயர் போடலாம். கன்னத்தில் விழுந்திருக்கும் கோட்டையும் புள்ளியையும் அப்படி மாற்றிவிட முடியாது. அவை எந்தக் கருவியால், எந்த வரிசையில் விழுந்தன என்பதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கே பேசுவது புதுச்செவ்வியல் காலம், அதாவது நியோகிளாசிக்கல் காலம். இத்தாலியில் எரிமலையில் புதைந்துபோன பழைய ரோமானிய நகரங்களான ஹெர்குலேனியத்தில் 1738-இலும் பொம்பெயியில் 1748-இலும் அகழ்வு தொடங்கியது. கிரேக்கக் கலையைப் பின்பற்றச் சொல்லி ஜெர்மானியக் கலை அறிஞர் விங்கெல்மான் எழுதிய கட்டுரை 1755-இல் வந்தது. அதன் பிறகு ஐரோப்பா முழுக்கப் பழைய நாணயங்கள் மீதும், உருவம் புடைப்பாகச் செதுக்கிய கேமியோ கற்கள் மீதும் மோகம் பரவியது. மனிதர்களை நாணயத்தில் இருப்பதுபோல் பக்கவாட்டில், வட்டத்துக்குள், வெறும் பின்னணியில் வரைவது நாகரிகமானது அப்போதுதான். பாரிசில் ஓவியர் கோஷான் பென்சிலில் வரைந்து கொடுத்த இப்படிப்பட்ட முகங்களை ஒகுஸ்தென் த சேந்தோபேன் போன்றவர்கள் ஏராளமாகச் செம்பில் வெட்டினார்கள்.

தேவையான சாமான்கள்

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று. நகைக்கடையில் வைத்திருக்கும் மடக்கு லென்ஸ் போதும். மில்லிமீட்டர் அளவுகோல், ஒளிக்கற்றை குறுகலாக விழும் சிறிய டார்ச், தாளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் காட்ட ஒரு மெல்லிய விளக்குப் பலகை, குறிப்பெழுத ஒரு பென்சில். பேனா வேண்டாம், படத்தின் அருகே மைப்பேனாவைத் திறக்கவே கூடாது. கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு, எதிரெதிர் மூலைகளை இரு கையாலும் பிடித்துத் தாளைத் தூக்குங்கள். லென்ஸைத் தாள்மேல் வைத்து இழுக்காதீர்கள்.

சட்டத்துக்குள் இருக்கும் படத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்து முடிவு சொல்ல முடியாது. வெளியே எடுத்தாக வேண்டும். பின் அட்டையில் ஒட்டியிருந்தால் மட்டும் பிய்க்காமல் அப்படியே விட்டுவிட்டுப் பாருங்கள்.

முதல் படி: தகட்டுத் தடம்

செப்புத் தகட்டில் மை பூசி, மேற்பரப்பைத் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரத் தாளை அதன்மேல் வைத்து உருளை அழுத்தியில் கொடுத்தால் தாள் அந்தப் பள்ளங்களுக்குள் புகுந்து மையை எடுத்துக்கொள்கிறது. தகட்டின் விளிம்பும் தாளில் அமுங்கிப் பதிகிறது. படத்தைச் சுற்றித் தெரியும் அந்தச் செவ்வகப் பள்ளம்தான் தகட்டுத் தடம். டார்ச்சைத் தாளோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் அதன் நிழல் தெரியும். உயரம் முதலில், அகலம் அடுத்து என்ற வரிசையில் மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். ஈரத்தோடு அச்சான தாள் உலரும்போது சுருங்கும். எனவே ஒரே தகட்டிலிருந்து வந்த இரண்டு அச்சுப் படிகள் சில மில்லிமீட்டர் வேறுபட்டால் பதற வேண்டாம்.

தடமே இல்லையென்றால்? பெரும்பாலும் ஓரம் வெட்டப்பட்டிருக்கும். இங்கிலாந்தில் 1769-இல் ஜேம்ஸ் கிரேஞ்சர் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்புக்குப் பிறகு, உருவப்படங்களைச் சேகரித்துப் புத்தகப் பக்கங்களுக்கிடையே ஒட்டும் பழக்கம் பெருகியது. அதற்காக எத்தனையோ நல்ல படங்களைச் சட்டகக் கோடு வரை நறுக்கிவிட்டார்கள். அப்படி நறுக்கியதில் படத்தின் அளவை மட்டும் எடுங்கள். ஓரம் போனதால் படம் போலி ஆகிவிடாது, விலைதான் குறையும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. பிற்கால நகல்களில் வெற்றுத் தகட்டை அழுத்திப் பொய்த் தடம் உண்டாக்கியிருப்பார்கள். அதனால் தடத்தோடு நிறுத்தாமல் மையையும் பாருங்கள். பள்ளத்திலிருந்து எடுத்த மை தாள்மேல் மிக மெல்லிய மேடாக நிற்கும். ஆழமான கறுப்புப் பகுதிகளில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் அந்த மேடு ஒளியை வாங்குவது தெரியும். தடம் இருந்து, மை முழுக்கத் தட்டையாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இரண்டாம் படி: கன்னம்

ஏன் கன்னம்? இந்தக் காலத்துப் படங்களில் ஒரே தகட்டில் இரண்டு மூன்று முறைகள் கலந்திருக்கும். கோட், திரை, பின்னணி எல்லாவற்றையும் அமிலத்தால் அரித்து விரைவாக முடித்துவிட்டு, முகத்தைத் தன் சிறந்த முறையில் செய்வது செதுக்குநர் வழக்கம். உடையைப் பார்த்து முடிவெடுத்தால் தவறு நேரும். காதுக்கும் மூக்குக்கும் நடுவே, நிழலிலிருந்து வெளிச்சத்துக்கு மாறும் இடத்தில் லென்ஸை வையுங்கள்.

அங்கே கோடு தெரிந்தால், அது எப்படி முடிகிறது என்று பாருங்கள். பியூரின் என்பது முனையைச் சாய்வாகத் தீட்டிய சதுர எஃகுக் கம்பி. அதன் காளான் வடிவக் கைப்பிடியை உள்ளங்கையில் பொருத்தி முன்னோக்கித் தள்ளுவார்கள். கையைத் திருப்புவதற்குப் பதிலாக, தோல் மெத்தைமேல் வைத்த தகட்டைத் திருப்புவார்கள். கருவி மெல்ல இறங்கி, ஆழம் போய், மெல்ல மேலேறும். ஆகவே கோடு மெல்லியதாகத் தொடங்கி, நடுவில் தடித்து, கூர்மையாக முடியும். அமிலம் அரித்த கோடு அப்படி இருக்காது. அதன் தடிமன் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும், முனை மழுங்கியிருக்கும், தகட்டின் மெழுகுப் பூச்சைக் கீறும் ஊசி தடையில்லாமல் ஓடியதால் கொஞ்சம் நெளிவும் இருக்கும்.

கோட்டுச் செதுக்கலில் முகம் உருவாகும் விதம் ஒரு கணக்கு. கன்னத்தின் வளைவைப் பின்பற்றி ஒரு வரிசைக் கோடுகள், அதைச் சாய்வாக வெட்டி இன்னொரு வரிசை. இரண்டும் சேர்ந்து சாய்சதுரக் கட்டங்கள் உருவாகும். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு சிறு புள்ளி. வெளிச்சம் நோக்கிப் போகப் போக இரண்டாம் வரிசை நின்றுவிடும், முதல் வரிசைக் கோடுகள் துண்டு துண்டாகும், பிறகு புள்ளிகளாகும், கடைசியில் வெறும் தாள். மிக வெளிச்சமான இடத்தில் மை எதுவுமே இருக்காது. பாரிசில் பட்டறை வைத்திருந்த வில்லேயும் அவருடைய மாணவர் பெர்விக்கும் இந்தக் கணக்கை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள். பட்டுக்கு ஒரு கோட்டு வலை, உலோகத்துக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று என்று தனித்தனியே பிரித்தார்கள்.

பழகுவதற்கு ஒரு படம் சொல்ல வேண்டுமானால், ஆங்கில ஓவியர் ரெனால்ட்ஸின் ஓவியத்தைப் பார்த்து வில்லியம் ஷார்ப் 1788-இல் வெட்டிய அறுவை மருத்துவர் ஜான் ஹன்டரின் உருவம். ஹன்டர் கையில் தாடையைத் தாங்கி மேலே பார்க்கிறார். வலப்பக்கம் மேலே ஒரு பெரிய எலும்புக்கூட்டின் கால்கள் மட்டும் தொங்குகின்றன. அருங்காட்சியகத் தளங்களில் கிடைக்கும் பெரிதாக்கக்கூடிய படத்தைத் திறந்து, நெற்றி, தாடி நிழல், கோட்டுத் துணி மூன்றையும் மாறி மாறிப் பாருங்கள். ஒரே கருவி மூன்று விதமாகப் பேசுவது கண்ணுக்குப் பிடிபடும். ஒரு மாலை முழுவதும் இந்த ஒரு படத்துக்கு ஒதுக்கினாலும் தகும்.

கன்னத்தில் கோடே இல்லாமல் புள்ளிகள் மட்டும் இருந்தால் அது ஸ்டிப்பிள். தகட்டில் மெழுகுப் பூச்சு இட்டு, ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தி, அமிலத்தில் அரிக்க விடுவார்கள். பூச்சை எடுத்தபின் முனை வளைந்த பியூரினால் நேரடியாகச் செம்பில் சிறு குத்துகள் சேர்ப்பார்கள். லென்ஸில் இரண்டையும் பிரித்தறியலாம். அமிலப் புள்ளி உருண்டையாக, ஓரம் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். பியூரின் குத்து முக்கோண வாக்கில், ஒரு பக்கம் கூராக இருக்கும். முகத்துக்கு எல்லைக்கோடு இருக்காது. புள்ளிகள் நெருங்கி விலகுவதாலேயே உருவம் தெரியும். இதன் தாய்முறை பிரான்சில் சுண்ணக்கட்டி ஓவியத்தை நகலெடுக்க ஃபிரான்சுவாவும் தெமார்த்தோவும் கையாண்ட முறை. அதை லண்டனுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் வில்லியம் வின் ரைலண்ட். 1764-இல் லண்டன் வந்த ஃப்ளாரன்ஸ்காரர் பார்த்தலோஸி அதைப் பெரும் தொழிலாக்கினார். செங்காவி நிற மையில் அச்சிட்ட ஸ்டிப்பிள் படங்கள் அந்தக் காலத்து வீடுகளை நிறைத்தன. கரோலின் வாட்சன் செய்த முகங்களில் புள்ளிகள் அவ்வளவு மென்மை. ஸ்டிப்பிளில் பெண்களின் பங்கைப் பற்றிப் பேசுவோர் அவரிடமிருந்தே தொடங்க வேண்டும்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பழைய பத்திரிகைப் படத்திலும் புள்ளி இருக்கிறதே என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த ஹாஃப்டோன் அச்சில் புள்ளிகளின் மையங்கள் சம இடைவெளியில், கட்டம் போட்டதுபோல் நிற்கும். அளவு மட்டும் மாறும். ஸ்டிப்பிளில் இடைவெளியும் மாறும், அளவும் மாறும், கன்ன வளைவைப் பின்பற்றி வரிசையும் வளையும். கல்லில் வரைந்து அச்சிடும் லித்தோகிராஃபில் கல்லின் மணல்மணலான தன்மை தெரியும், தகட்டுத் தடமும் மை மேடும் இருக்காது.

கோடும் இல்லை, தனிப் புள்ளியும் இல்லை, இருட்டிலிருந்து முகம் மெல்ல எழுந்து வருகிறது என்றால் மெஸ்ஸோடிண்ட். தேங்காய்த் துருவியின் பல்முனையை அகலப்படுத்தியது போன்ற ராக்கர் என்ற கருவியைத் தகட்டின்மேல் பல திசைகளில் ஆட்டி ஆட்டி, முழுப் பரப்பையும் சொரசொரப்பாக்குவார்கள். அந்த நிலையில் அச்சிட்டால் முழுக் கறுப்பு வரும். பிறகு சுரண்டியும் மெருகேற்றியும் வெளிச்சம் எடுப்பார்கள். நடுத்தர நிழலில் லென்ஸை வைத்தால் ராக்கர் பற்களின் குட்டி வரிசைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவது தெரியும். ரெனால்ட்ஸின் உருவ ஓவியங்கள் ஊரெங்கும் போனது வாலன்டைன் கிரீன், ஜான் ரஃபேல் ஸ்மித் போன்றவர்களின் மெஸ்ஸோடிண்ட் வழியாகத்தான். பிரெஞ்சுக்காரர்களே இதை ஆங்கில முறை என்றார்கள்.

மெஸ்ஸோடிண்ட் வாங்குவோர் படியின் தரத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். செம்பின் நுண்ணிய பிசிர்கள் அழுத்தியில் சீக்கிரம் நசுங்கும். சில பத்துப் படிகள் முழுக் கருமையோடு வரும். நூறைத் தாண்டும் முன்பே தளர்ச்சி தெரியத் தொடங்கும். கோட்டுச் செதுக்கலுக்கு இந்த அவசரம் இல்லை, அது இதைவிடப் பல மடங்கு தாங்கும். தேய்ந்ததைக் கண்டுபிடிக்க, தலைமுடியின் இருண்ட பகுதி, தாடைக்கு அடி, கறுப்புக் கோட் மூன்றையும் பாருங்கள். அங்கே ஆழம் போய்ச் சாம்பல் திட்டுகள் இருந்தால் பிந்திய படி. முகம் மட்டும் வெளிறி, உடை மட்டும் புதுக் கறுப்பாக இருந்தால் தகட்டை மறுபடி சொரசொரப்பாக்கியிருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு வகைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். புரட்சிக்காலப் பாரிசில் அலிக்ஸ் என்ற செதுக்குநர் செய்த வண்ண உருவங்கள் அக்வாடிண்ட். பிசின் பொடியைத் தகட்டில் தூவிச் சூடாக்கி அரித்ததால், லென்ஸில் வெள்ளைத் தீவுகளைச் சுற்றி மை வலை தெரியும். பல தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் முறை என்பதால் உதட்டோரம், காதோரம் நிறம் மயிரிழை விலகியிருக்கிறதா என்று பாருங்கள்.

மற்றது ஃபிசியோனோட்ரேஸ். வெர்சாய் அரண்மனையில் செல்லோ வாசித்த கிரெத்தியேன் 1786-இல் இந்தக் கருவியைக் கொண்டுவந்தார். பார்வைக்குழாய் வழியே முகத்தின் ஓரத்தைப் பின்பற்றினால், இணைத்திருக்கும் பென்சில் ஆளளவுப் பக்கவாட்டு உருவத்தை வரையும். அதைப் பேன்டோகிராஃப் என்ற நகலெடுக்கும் கருவி கொண்டு சுருக்கி, சுமார் ஐந்தாறு சென்டிமீட்டர் வட்டமாகத் தகட்டில் ஏற்றுவார்கள். பின்னணியில் பற்சக்கரம் ஓடிய சீரான புள்ளி வரிசை பெரும்பாலும் தெரியும். பாரிசில் கெனெதே, அமெரிக்காவில் 1793-இல் குடியேறிய சேன்-மெமேன் இதில் பேர்பெற்றவர்கள். சேன்-மெமேன் ஆண்களுக்கு 25 டாலர், பெண்களுக்கு 35 டாலர் வாங்கிக்கொண்டு, சட்டமிட்ட வரைபடம், தகடு, 12 அச்சுப் படிகள் கொடுத்தார். அமெரிக்க அதிபர் ஜெபர்சனின் முகம் 1804-இல் இப்படிப் பதிவானது. அரசர்களையும் பிரபுக்களையும் தாண்டி வணிகர், வழக்கறிஞர், அவர்களின் மனைவியர் முகங்கள் செம்பில் ஏறியது இந்த முறையால்தான் என்பதால், இந்தச் சிறு வட்டங்களைக் குறைவாக மதிப்பிடாதீர்கள்.

மூன்றாம் படி: நிறம்

ஸ்டிப்பிள் படங்களில் வண்ணம் இருந்தால் அது அச்சில் வந்ததா, பிறகு தூரிகையால் பூசியதா என்று பிரிக்க வேண்டும். அச்சில் வந்தது என்றால் சிறு துணிப் பொட்டணங்களால் ஒரே தகட்டின் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு மையைத் தடவி, ஒரே முறையில் அழுத்தியிருப்பார்கள். ஒவ்வொரு படிக்கும் முதலிலிருந்து மை தடவ வேண்டியிருந்ததால் இரண்டு படிகள் ஒருபோதும் ஒன்றுபோல் இருக்காது. லென்ஸில் பார்த்தால் நிறம் புள்ளிக்குள் மட்டும் இருக்கும், புள்ளிகளுக்கு நடுவே தாள் வெள்ளையாக இருக்கும். தூரிகை பூசியதில் புள்ளி கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்க, நடுவிலுள்ள வெள்ளைமீது நீர்வண்ணம் படர்ந்திருக்கும். அச்சு வண்ணப் படத்திலும் கண்மணி, உதடு, கன்னச் சிவப்பு ஆகியவற்றைக் கையால் தொட்டு முடிப்பது அந்தக் காலத்திலேயே வழக்கம். அதைக் குறையாக எழுத வேண்டாம்.

நான்காம் படி: எழுத்து

இப்போது அடியில் இருப்பதைப் படிக்கலாம். வழக்கமாக இடப்பக்கம் ஓவியர், வலப்பக்கம் செதுக்குநர். பின்க்ஸிட் என்றால் வண்ணத்தில் வரைந்தவர். டெலினியாவிட் என்றால் கோட்டில் வரைந்து கொடுத்தவர். ஸ்கல்ப்ஸிட் என்றால் செதுக்கியவர். ஃபெசிட் என்றால் செய்தவர்; மெஸ்ஸோடிண்டில் செதுக்குநரை இப்படிக் குறிப்பதுண்டு. எக்ஸ்குடிட் என்றால் வெளியிட்டவர். இவை பெரும்பாலும் முதல் சில எழுத்துகளாகச் சுருங்கியிருக்கும்.

ஆங்கிலப் படங்களில் வெளியீட்டு வரி முக்கியம். செதுக்கு ஓவியங்களுக்கு 14 ஆண்டு உரிமை தந்த 1735-ஆம் ஆண்டுச் சட்டம், உரிமையாளர் பெயரும் வெளியீட்டுத் தேதியும் தகட்டில் இருக்க வேண்டும் என்றது. 1767-இல் அது 28 ஆண்டாக நீண்டது. அதனால்தான் நாள், மாதம், ஆண்டு, தெருப் பெயர் எல்லாம் நமக்குக் கிடைக்கின்றன. பிரெஞ்சுப் படங்களில் ஏ.பி.டி.ஆர். என்ற நான்கெழுத்து இருந்தால் அரச அனுமதியோடு வந்தது, அதாவது புரட்சிக்கு முந்திய தகடு. ஆண்டு இரண்டு, ஆண்டு ஐந்து என்று குடியரசு நாட்காட்டிக் கணக்கு இருந்தால் 1793-க்கும் 1805-க்கும் இடைப்பட்டது.

எழுத்தே இல்லாத படியும் உண்டு. எழுத்து வெட்டும் முன் எடுத்த முதல் சோதனைப் படிகள் அவை. ஊசியால் மெல்லக் கீறிய எழுத்தோடு வருவது அடுத்த நிலை. தகடு கைமாறினால் பதிப்பாளர் பெயரும் தேதியும் மாறும். அந்த இடத்தில் சாய்வெளிச்சம் காட்டினால் பழைய எழுத்தின் எச்சம் சில நேரம் தெரியும். பார்த்தலோஸி பெயர் இருந்தால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். அவர் பட்டறையில் மாணவர்கள் ஏராளம். குறிப்பில் “பார்த்தலோஸி பெயர் தாங்கியது” என்றே எழுதுங்கள்.

ஐந்தாம் படி: தாள்

விளக்குப் பலகைமேல் தாளை வைத்துப் பாருங்கள். சுமார் 25 மில்லிமீட்டருக்கு ஒன்றாக நீளக் கோடுகளும் அவற்றுக்குக் குறுக்கே நெருக்கமான மெல்லிய கோடுகளும் தெரிந்தால் அது கம்பிச் சட்டத்தில் செய்த லெய்ட் தாள். கோடே இல்லாமல் சீராக இருந்தால் வோவ் தாள். இங்கிலாந்தில் ஜேம்ஸ் வாட்மன் ஆலையில் செய்த வோவ் தாள் 1757-இல் அச்சில் வந்தது, 1790-களில் பரவலானது. 1794 முதல் ஆங்கிலத் தாள்களின் நீர்க்குறியில், அதாவது வெளிச்சத்தில் மட்டும் தாளுக்குள் தெரியும் ஆலையின் அடையாளத்தில், ஆண்டு போடுவது பெருகியது. இது பெரிய உதவி. தகட்டில் 1785 என்றும் நீர்க்குறியில் 1810 என்றும் இருந்தால் தகடு பழையது, அச்சு புதியது. அதைப் போலி என்று சொல்லக் கூடாது, பிந்திய படி என்று எழுத வேண்டும்.

தாளின் சாட்சி எவ்வளவு வலியது என்பதை, ஸ்டிப்பிளில் பார்த்த ரைலண்டின் வழக்கு காட்டுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி பணம் தர வேண்டிய உண்டியல் பத்திரத்தைப் போலியாகச் செய்ததாக அவர்மீது குற்றச்சாட்டு. உண்டியலில் இருந்த தேதிக்குப் பிறகு செய்த தாள் அது என்று தாள் செய்தவர் சாட்சி சொன்னார். 1783-இல் ரைலண்ட் தூக்கிலிடப்பட்டார். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த கைகளில் ஒன்று அப்படி முடிந்தது வேதனைதான்.

பழைய தகடுகள் இன்றும் அச்சாகின்றன. பாரிசில் 1797-இல் தொடங்கிய லூவ்ர் கல்கோகிராஃபி என்ற செப்புத் தகட்டு அச்சகம் பழைய தகடுகளிலிருந்து படிகள் எடுத்து முத்திரையிட்டு விற்கிறது. அவை நேர்மையான மறு அச்சுகள். படித்துப் பழக இவற்றை வாங்குவது நல்லது, விலையும் கம்மி.

ஆறாம் படி: இட வல மாற்றம்

தகட்டில் இருப்பது தாளில் கண்ணாடி பிம்பமாகத் திரும்பும். கவனமான செதுக்குநர் தகட்டிலேயே இட வலம் மாற்றி வெட்டி இதைச் சரிசெய்வார். அவசர நகல் செய்பவர் செய்யமாட்டார். ஆண்களின் கோட்டில் இடப்பக்கம் வலப்பக்கத்தின்மேல் மடிகிறதா, நட்சத்திரப் பதக்கம் இடது மார்பில் இருக்கிறதா, வாள் இடது இடுப்பில் தொங்குகிறதா என்று பாருங்கள். மூன்றும் மாறியிருந்தால் இன்னொரு அச்சைப் பார்த்துச் செய்த நகலாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த மூல அச்சைத் தேடுங்கள்.

குறிப்பு எழுதுவதும் பாதுகாப்பதும்

ஒவ்வொரு படத்துக்கும் இந்த வரிசையில் எழுதி வையுங்கள்: யார் உருவம், செதுக்குநர், யாருடைய ஓவியத்திலிருந்து, முறை, தகட்டு அளவு, எழுத்து முழுவதும் அப்படியே, தாள், நீர்க்குறி, படியின் நிலை, கிழிசல் கறைகள். பிறகு பிரிட்டிஷ் மியூசியம், லண்டன் தேசிய உருவப்படக் கூடம், பிரான்ஸ் தேசிய நூலகம் ஆகியவற்றின் இணையத் தொகுப்புகளில் அதே படத்தைத் தேடி, முடியின் நிழலையும் வெளியீட்டு வரியையும் ஒப்பிடுங்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் தாளுக்கு முதல் எதிரி பூஞ்சை. பழுப்புப் புள்ளிகள் ஈரத்தில் பெருகும். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், கண்ணாடி தாளைத் தொடாதபடி அமிலமில்லா அட்டையில் சாளரம் வெட்டி வையுங்கள். செல்லோடேப், ஃபெவிகால் இரண்டும் கூடாது. மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு சிறு ஜப்பானியத் தாள் கீல்களை, கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்டினால் போதும். தேவைப்படும் நாளில் ஈரம் காட்டிக் கழற்றிவிடலாம்.